ஜேர்மனிக்கு ஆறு மாதம் ட்ரெயினிங் போகிறேன், போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

களுதாவளைப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒலுவில் கம்பஸில் பொறியியல் மூன்றாம் வருடம், வீடு களுதாவளை. வருகிற ஒக்டோபரில் இருந்து மார்ச் வரை ஜேர்மனியில், டொட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பனியில் ட்ரெயினிங் கிடைத்திருக்கிறது. எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. நாற்பது பேருக்கு மேல் மின்னஞ்சல் போட்டேன், மூன்று பேர் பதில் எழுதினார்கள், அதில் இரண்டு பேர் இடமில்லை என்று சொல்லத்தான் எழுதினார்கள்.

நான் இதுவரை தனியாகப் போன தூரம் கொழும்பு மட்டும். அதுவும் இரவு பாடுமீன் ரயிலில் ஏற்றிவிட்டால் விடிய கோட்டையில் மாமா வந்து நிற்பார், ஆகவே அது தனியாகப் போனதாகக் கணக்கா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு இருப்பது ஒரே கேள்வி, அங்கே யார் சமைத்துத் தருவார்கள் என்பது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வெற்றிலைத் தோட்டத்தால் வந்து கால் கழுவியதும் போனை எடுத்து டொட்முண்டில் எவ்வளவு வெயில் என்று பார்க்கிறார். இப்போது ஜூலை. இருபத்தெட்டு பாகை என்று காட்டுகிறது. "நம்ம ஊர் மாதிரித்தானே கிடக்கு" என்று நிம்மதியாக இருக்கிறார், நானும் திருத்தவில்லை.

என்ன கொண்டு போவது, என்ன கொண்டு போகக் கூடாது, அறை எப்படி எடுப்பது, குளிரை எப்படித் தாங்குவது, இதெல்லாம் கேட்க வேண்டும். ஆனால் வீட்டில் சொல்லாத ஒரு பயமும் இருக்கிறது, இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். நான் வாய் பேசாத பிள்ளை. வகுப்பில் விளங்காவிட்டாலும் தலையாட்டுவேன், பிறகு விடுதிக்கு வந்து பக்கத்துக் கட்டில் கூட்டாளியிடம் கேட்பேன். அங்கே பக்கத்துக் கட்டில் இருக்காது. வேலை இடத்தில் இதை எப்படிச் சமாளிப்பது?

சாய்ந்தமருது_நானா எழுதியது:

தங்கச்சி, முதலில் வாழ்த்துக்கள். நான் 2024 ஒக்டோபரில் போய் 2025 மார்ச் கடைசியில் திரும்பி வந்தவன், எல்லாம் இன்னும் சூடு ஆறவில்லை. குளிரையும் சாமானையும் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அதில்தான் நான் நல்லா அடி வாங்கினேன்.

என் வேலை இதுதான். ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்ப் பம்புகளில் பூட்டியிருந்த வெப்பமானிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இலக்கம் அனுப்பும். பம்பு எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பது வேறொரு கோப்பில் வரும். இரண்டையும் நேரம் பார்த்துப் பொருத்தி வரைபு போட வேண்டும். வெப்பமானி அந்த ஊர் நேரத்தில் எழுதும், பம்பு கிரீன்விச் நேரத்தில் எழுதும். முதல் வாரமே அதைக் கண்டுபிடித்து, பம்புக் கோப்புக்கு இரண்டு மணித்தியாலம் கூட்டினேன், சரியாகப் பொருந்தியது, பெருமையாக இருந்தது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். 2024இல் அது 27ஆம் தேதி. விடியப்புறம் மூன்று மணி ஆனதும் திரும்பவும் இரண்டு மணி. திங்கள் வந்து பார்க்கிறேன், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஆறு வரி இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வரி. அதற்குப் பிறகு வந்த நாள் எல்லாம், பம்பு ஓடத் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முந்தியே சூடாகிறது! அடுப்பு மூட்ட முதல் சோறு கொதிக்கிற மாதிரி. இது பிழை என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் என்ன நினைத்தேன் என்றால், இவர்களுக்குத் தெரியாமலா இருக்கும், இதைப் போய்க் கேட்டால் இது கூடத் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று. ஒவ்வொரு திங்களும் கூட்டத்தில் "ஏதாவது கேள்வி இருக்கா" என்பார் மேற்பார்வையாளர். நான் "இல்லை, எல்லாம் சரி" என்பேன். மூன்று திங்கள்.

நாலாவது திங்கள் அவரே வரைபைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். எப்போது கண்டாய் என்று கேட்டார். மூன்று வாரத்துக்கு முதல் என்றேன். கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பலகையில் கோடை நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம், குளிர்கால நேரத்துக்கு ஒன்று மட்டும் கூட்ட வேண்டும் என்று கீறிக் காட்டினார். உண்மையாகவே இரண்டு நிமிடம்தான். நான் மூன்று வாரம் போட்ட வரைபு எல்லாம் குப்பை.

நம்ம பக்கம் சேர் முன்னால் பேசாமல் நிற்பது மரியாதை. அங்கே பேசாமல் நின்றால் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். உங்கள் மேல் கோபமோ அலட்சியமோ கிடையாது, உண்மையாகவே விளங்கிவிட்டது என்று நம்புவார்கள். மறுகா நான் ஒரு வழி செய்தேன். ஒரு சின்னக் கொப்பி வாங்கி, ஞாயிறு இரவு மூன்று கேள்வி எழுதி வைப்பேன், திங்கள் கூட்டத்தில் அதைப் பார்த்தே வாசிப்பேன். முதல் தடவை குரல் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று உம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தா, அது உறைக்க நான் ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீற்றர் பறக்க வேண்டியதாகிவிட்டது.

இன்னொன்று. பொறுப்பாளர் எழும்புகிற வரைக்கும் நாம் எழும்பக் கூடாது என்று நினைத்து முதல் வாரம் ஆறு மணி வரை கதிரையில் குந்தியிருந்தேன். துப்புரவு செய்கிற அம்மா என் காலடியைக் கூட்டிக்கொண்டு போனா. கடைசியில் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, வேலை முடியவில்லையா, கஷ்டமாக இருக்கா என்று கேட்டார். வேலை முடிந்தால் போக வேண்டும், அதுதான் அங்கே ஒழுங்கு.

அப்புறம் மத்தியானம் நடைபாதையில் எதிர்ப்படுகிற எல்லோரும் "மால்ட்ஸைட்" என்பார்கள். சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். நான் நம்ம ஊர் மாதிரி "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொருவருக்கும் நின்று "இன்னும் இல்லை, இனித்தான்" என்று பதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது வெறும் வணக்கம். திருப்பி "மால்ட்ஸைட்" என்றால் போதும். சாப்பிட்டியா என்று உண்மையாகக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை, அது விளங்கின அன்றைக்கு மனசு ஒரு மாதிரித்தான் போனது.

ஆனால் அதே ஆட்களைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் நம்ம பக்கம் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்குப் போன் எடுபடவில்லை. நான் வேலையில் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். இங்கே என்றால் முகத்தைப் பார்த்தே "என்ன மகன், ஒரு மாதிரி இருக்கிறாய்" என்று யாராவது கேட்டிருப்பார்கள். அங்கே பின்னேரம் வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் நானே பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன், ஊரில் வெள்ளம், வாப்பாவுடன் கதைக்க முடியவில்லை என்று. அவ உடனே எழும்பிப் போய் மேற்பார்வையாளரைக் கூட்டி வந்தா. வீட்டுக்குப் போ, நாளைக்கும் வர வேண்டாம் என்றார்கள். அடுத்த ஒரு கிழமை காலையில் வந்ததும் முதல் கேள்வி வாப்பா எப்படி என்பதுதான். சொல்லாமல் அறிய மாட்டார்கள், சொன்னால் விட மாட்டார்கள். ஜும்ஆ தொழுகைக்கும் அப்படித்தான். ஒன்றரை மாதம் கேட்கப் பயந்து விட்டுவிட்டு, கேட்ட அன்றைக்கே, வெள்ளி மத்தியானம் போய் வா, பின்னேரம் கூட இருந்து ஈடு செய் என்றார்.

நீளமாகிவிட்டது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், போன அன்றைக்கே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே வங்கி, காப்புறுதி, அரச கந்தோர் எல்லாம் கடிதத்தில்தான் கதைக்கும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பிக் கொண்டு போய்விடுவார். நம்ம பாஸ்போட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் வாப்பாவின் பெயர் இருக்கும், ஆகவே பெட்டியிலும் அதுதான் வரும். ஆறு மாதமும் அலுவலகத்தில் என்னை வாப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

மரமுந்திரிகை எழுதியது:

ஏஜென்சிக்குக் காசு ஏதும் கட்டினீர்களா? ட்ரெயினிங் என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, போன இடத்தில் களஞ்சியத்தில் பெட்டி தூக்க விட்ட கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. உண்மையான கம்பனி பயிற்சிக்கு ஆள் எடுக்கக் காசு கேட்காது. கடிதத்தை யாராவது விரிவுரையாளரிடம் காட்டி, கம்பனி இருக்கா என்று பார்த்துவிட்டுப் பயணத்தை யோசிக்கவும்.

களுதாவளைப்பிள்ளை எழுதியது:

இல்லை அண்ணா, ஒரு சதமும் கட்டவில்லை, நானே நேரடியாக எழுதினேன். கம்பஸ் சேர் ஒருவர் அவர்களோடு காணொளியில் கதைத்தும் பார்த்தார். மாதம் ஒரு தொகை தருகிறார்கள், அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமட்டாக வரும். ஜேர்மன் அரச வேலைவாய்ப்பு முகவரகத்தில் ஸெட்.ஏ.வி என்ற பிரிவில் சம்மதக் கடிதம் எடுக்க அவர்களே விண்ணப்பித்திருக்கிறார்கள். நானா, உங்கள் பம்புக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். அது நான்தான்.

கல்லடி_அக்கா எழுதியது:

கிளி, நான் கல்லடியில் பிறந்து, கலியாணம் முடித்து இங்கே வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது, டொட்முண்டில் இருந்து அதிக தூரமில்லை. நானா மனசுக்குச் சொல்லிவிட்டார், நான் வயிற்றுக்கும் கடதாசிக்கும் சொல்கிறேன்.

அந்த ஸெட்.ஏ.வி கடிதம்தான் தலை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நாலு செமஸ்டர் முடித்த பிள்ளைகள், படிக்கிற துறையிலேயே பன்னிரண்டு மாதம் வரை இங்கே பயிற்சி செய்யலாம், ஆனால் அந்தச் சம்மதம் வேண்டும். அது கையில் வந்த பிறகு கொழும்பில் உள்ள தூதரகத்தில் நீண்டகால விசாவுக்குக் கொடுக்க வேண்டும், கட்டணம் 75 யூரோ. மூன்று மாதச் சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் இருந்து தள்ளி நில்லுங்கள். கம்பஸ் பாடத்திட்டத்தில் கட்டாயமான பயிற்சி என்றால் இங்கே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தாது, அதனால்தான் மட்டுமட்டாகத் தருகிறார்கள், ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஆனால் மருத்துவக் காப்புறுதி யார் போடுகிறார்கள், எந்த வகை என்பதை இப்போதே எழுத்தில் கேளுங்கள். இதுதான் உங்கள் முதல் கேள்வி, கொப்பியில் எழுதுங்கள்.

அறை. இன்னும் பார்க்காத அறைக்கு முற்பணம் அனுப்பவே கூடாது. நான் வெளிநாட்டில் நிற்கிறேன், காசைப் போடு, திறப்பைத் தபாலில் அனுப்புகிறேன் என்று எழுதுகிறவன் கள்ளன். கம்பனியிடமே கேளுங்கள், முந்திய பயிற்சிப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று. வைப்புப் பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்க முடியாது. குடிபுகுந்து இரண்டு கிழமைக்குள் நகரக் கந்தோரில் பதிய வேண்டும், "அன்மெல்டுங்" என்பார்கள், நம்ம ஊரில் கிராம சேவகரிடம் பதிகிற மாதிரி நினையுங்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும், அறைத் திறப்பை வாங்கும்போதே அந்தத் தாளையும் வாங்கிவிடுங்கள். பதிந்த கொஞ்ச நாளில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். என்னிடம் டிவியே இல்லை என்று எல்லாப் பிள்ளைகளும் சண்டைக்குப் போகும், பிரயோசனமில்லை, அது வீட்டுக்கு. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், கூட இருக்கிறவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய இலக்கத்தைக் கொடுத்தால் போதும், பாதியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இனிச் சாமான். இறைச்சியும் பால் சாமானும் பெட்டியில் வைக்கக் கூடாது, ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். ஆகவே எருமைத் தயிர் கனவில்தான். பச்சைக் கறிவேப்பிலையும் அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் விடமாட்டார்கள், காயவைத்துக் கொண்டு வாருங்கள். ஆனால் மீனுக்கு இருபது கிலோ வரை அனுமதி, கருவாடும் அதற்குள் அடக்கம்! இது தெரியாமல் முதல் தடவை நான் விமான நிலையத்தில் கள்ளி மாதிரி வேர்த்து விறுவிறுத்து நின்றேன். பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் ஒரு டப்பாவில் போட்டு அமுக்குங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதமும் உடுப்பு மணக்கும். அரிசி மா, பருப்பு, தேங்காய்ப்பால் இதையெல்லாம் சுமக்க வேண்டாம், டொட்முண்டில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. வீட்டில் இடித்த மிளகாய்த்தூள் மட்டும் கொண்டு வாருங்கள், அம்மாவின் கைப்பக்குவம் கடையில் கிடைக்காது. பிட்டுக் குழல் ஒன்றும் வைக்கலாம், பாரமில்லை. தடித்த ஜக்கட்டைக் கொழும்பில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், இங்கே பழைய உடுப்புக் கடைகளில் அதைவிட நல்லது மலிவாக எடுக்கலாம். சப்பாத்து மட்டும் புதிதாக, தண்ணீர் ஏறாததாக வாங்குங்கள். இந்தப் பக்கம் பனியைவிட மழைதான் அதிகம்.

சனிக்கிழமை பின்னேரத்துக்குள் சாமான் வாங்கிவிட வேண்டும், ஞாயிறு கடை எல்லாம் பூட்டு, பேக்கரி சில மணித்தியாலம் திறக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள் திறந்திருக்கும். பிளாஸ்டிக் போத்தலை எறிய வேண்டாம், கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சதம் திரும்பி வரும். குப்பைக்கு மூன்று நாலு நிறத்தில் வாளி இருக்கும், நகரத்துக்கு நகரம் மாறும், கூட இருக்கிறவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். இரவு பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது, அம்மாவுடன் ஸ்பீக்கரில் கதைக்கிற ஆட்கள் கவனம். அதைவிட, குளிர் என்று யன்னலைப் பூட்டியே வைக்காதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் அகலத் திறந்து ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வைப்புப் பணத்தில் கழிப்பார்கள். ஜேர்மன்காரர் சண்டை பிடிக்கிற விஷயம் இரண்டு, ஒன்று குப்பை, மற்றது யன்னல்.

பிறகு கோயில். ஹம் என்ற ஊரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது, நம்ம ஊர்க் கோயில் மாதிரியே கோபுரத்தோடு. டொட்முண்டில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம் கூட இல்லை, பிறகு ஒரு பஸ். மாதக் காசு கட்டி ஜேர்மனி டிக்கெட் (2025இல் 58 யூரோவாக இருந்தது) எடுத்தால் ஊர் ரயில், பஸ் எல்லாம் அதற்குள் அடங்கும், வேகமான தூர ரயில்களில் மட்டும் ஏற முடியாது. தேர்த் திருவிழா வெயில் காலத்தில், நீங்கள் அதற்கு முதல் திரும்பிவிடுவீர்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒவ்வொரு சனி ஞாயிறும் எங்கள் வீடுகளில் வந்து இருந்துவிடாதீர்கள். எங்கள் சனம் அன்பாகத்தான் கூப்பிடும், சோறு போடும், பிறகு உங்கள் ஊரில் இன்னார் யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்கத் தொடங்கும், ஆறு மாதம் களுதாவளையிலேயே இருந்த மாதிரி ஆகிவிடும். மாதம் ஒரு தடவை போதும். எனக்கும் ஒரு தடவை வாருங்கள், மீன் ஆணம் வைக்கிறேன்.

வாவிமீன் எழுதியது:

எல்லோரும் சமாளித்த கதையைச் சொல்கிறீர்கள், நான் சமாளிக்காமல் போகப் பார்த்த கதையைச் சொல்கிறேன். வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும்போது நோர்வேயின் வடக்கில் ட்ரொம்சோ என்ற ஊருக்கு மீன்வளப் பயிற்சிக்குப் போனேன், நாலு மாதம். அங்கே நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடு வரைக்கும் சூரியன் எழும்புவதே இல்லை. மத்தியானம் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், பிறகு மையிருட்டு. போக முதல் இதை வாசித்திருந்தேன். வாசிப்பது வேறு.

நித்திரை முதலில் குழம்பியது. பிறகு பசி இல்லை. பிறகு வீட்டுக்குப் போன் எடுக்கவே மனம் வரவில்லை, எடுத்தால் அம்மாவின் பின்னால் வெயில் தெரியும். ஐந்தாம் கிழமை திரும்பி வர டிக்கெட் பார்த்தேன், விலையைப் பார்த்துத்தான் நின்றேன், வீரத்தால் இல்லை. ஆய்வுகூடத்தில் ஒரு வயதான பெண்மணி, மூன்று நாள் வரவில்லையே என்ன என்று கேட்டா. நானாவின் ஆட்கள் மாதிரி இல்லை, இவ கேட்டா. இருட்டு என்று மட்டும் சொன்னேன். அவ அதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை, எங்களுக்கும் அப்படித்தான் என்றா. விளக்கு ஒன்று தந்தா, காலையில் அதன் முன்னால் அரை மணித்தியாலம் இரு என்று. கொட் மீன் எண்ணெய் தினம் ஒரு கரண்டி. அது நாக்கில் பட்டதும் சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் தந்த மருந்து எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அதுகளால் சரியானதா, மூன்றாம் ஆளிடம் சொன்னதால் சரியானதா என்று தெரியவில்லை, இரண்டாம் மாதம் நித்திரை வந்தது.

எண்பதுகளில் நம்ம சனம் அந்த வடக்குக் கரையிலேயே மீன் வெட்டுகிற தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய் வருடக்கணக்காக இருந்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் இல்லை, காணொளி இல்லை, ஊரில் போர். அதை நினைத்தால் என் நாலு மாதம் பேச்சுக்கே எடுக்க ஏலாது. ஆனால் அங்கே இருட்டில் கிடக்கும்போது இந்த ஒப்பீடு எனக்கு ஒரு துளி உதவியும் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே, மற்றவர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் தெரியுமா என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு விடுங்கள், அந்த இடத்தில் மட்டும் தலையாட்டலாம்.

டொட்முண்டில் அவ்வளவு மோசமில்லை. டிசம்பரில் எட்டரைக்குப் பிறகு விடிந்து நாலரைக்குள் பொழுது படும். ஆனால் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மழை இல்லாவிட்டால் கட்டாயம் வெளியே நடவுங்கள், கோட்டுப் பையில் கையைப் போட்டுக்கொண்டு சும்மா என்றாலும்.

சாய்ந்தமருது_நானா எழுதியது:

வாவிமீன் சொல்வது முழுக்க உண்மை. குளிர்காலத்தில் ளுஹர், அசர், மஃரிப் தொழுகை நேரம் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று விழும், அலுவலகத்திலேயே மூன்றும் வந்துவிடும், நாள் எங்கே போனது என்று தெரியாது. மத்தியான நடை நல்ல யோசனை, எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

களுதாவளைப்பிள்ளை எழுதியது:

நவம்பர் முதல் கிழமை. வந்து ஐந்து வாரம். இங்கே எழுதியவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று குந்தியிருக்கிறேன், வெளியே மழை, அக்கா சொன்ன அதே மழை.

கருவாடு சுகமாக வந்து சேர்ந்தது. பொரிக்க முதல், கூட இருக்கிற பிள்ளையிடம் கேட்டேன், மணக்கும், எப்போது பொரித்தால் உனக்குக் கரைச்சல் இல்லை என்று. இப்படி ஒன்றைக் கேட்டது என் வாழ்க்கையில் முதல் தடவை, வீட்டில் என்றால் பொரிப்போம், மணக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை பத்து மணிக்கு நீச்சலுக்குப் போவேன், அப்போது செய் என்றா. யன்னலைத் திறந்து, ஜக்கட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பொரித்து மற்றக் கையால் துவாயை வீசிக்கொண்டு நின்றும், கூரையில் உள்ள புகை மணி அடித்துவிட்டது. மேல் மாடியில் இருந்து ஒரு ஐயா ஓடி வந்து, கதிரையில் ஏறி அதை நிற்பாட்டி, சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். சோறு மூன்று கோப்பை சாப்பிட்டேன்.

வேலையில் கொப்பி வேலை செய்கிறது நானா. முதல் திங்கள் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போய் ஒன்றுதான் கேட்டேன். அடுத்த திங்கள் இரண்டு. போன கிழமை மணிக்கூடு மாற்றினார்களே, நான் கூட்டத்தில் கையை உயர்த்தி, எங்கள் கோப்புகளில் எது கிரீன்விச் நேரம், எது ஊர் நேரம் என்று கேட்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியாது! இப்போது அதைக் கண்டுபிடித்து எழுதி வைப்பது என் தலையில் விழுந்திருக்கிறது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

மற்றது தபால் பெட்டி. அப்பாவின் பெயர் ஒட்டியாகிவிட்டது. வீட்டு மேற்பார்வையாளரே அச்சடித்து ஒட்டினார். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன், அம்மா உடனே பதில் போட்டா, அப்பாவிடம் இருந்து ஒரு மணித்தியாலம் சத்தமில்லை. பிறகு போன் எடுத்தார். "மகள், நடுவில ஒரு எழுத்துக் குறையுதே" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான், ஒரு எச் இல்லை. காப்புறுதி அட்டை மூன்று கிழமையாக வராததற்கு அதுதான் காரணமோ தெரியாது. நாளைக்குக் காலை அந்த மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவருக்கு ஆங்கிலம் வராது. ஜேர்மன் மொழியில் நாலு வசனம் எழுதி வைத்திருக்கிறேன், கூட இருக்கிற பிள்ளை இரண்டைத் திருத்தித் தந்தா. கல்லடி அக்கா, "எழுத்து விடுபட்டுவிட்டது" என்று சொல்லும்போது கடைசிச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று இன்றிரவுக்குள் ஒரு குரல் பதிவு போட ஏலுமா?